சவரிமுத்து எறியாத இரண்டு பந்துகள்

சவரிமுத்து அந்த இரண்டு பந்துகளையும் எறியவே இல்லை. எறிந்தான் என்றும் இரண்டையும் தவறவிட்டான் என்றும் சொன்னவன் நான். தெரிந்தே சொன்னேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களை முன்னால் அடுக்கிவிட்டு, குற்றத்தை நான்காவது பத்தியில் செருகி வைக்கும் செய்திகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். சில எழுதியும் இருக்கிறேன்.

என் குரலை நீங்கள் கேட்டிருக்கலாம். வானொலியில் கூடைப்பந்து வர்ணனையைத் தமிழில் சொன்ன மிகச் சிலரில் நானும் ஒருவன். பிறகு, வெளிநாட்டுக் கூடைப்பந்துப் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையை வாங்கி விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சென்னையில் சேர்ந்தேன். மணிலாவில் நடந்த ஆட்டத்தை இங்கே யார் காட்டலாம், எத்தனை முறை காட்டலாம், எந்த மொழியில் பேசிக் காட்டலாம் என்று ஒப்பந்தம் எழுதுவது என் வேலை. எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு வரி தவறாமல் வரும்: 'தரப்படுவது, நடந்த ஆட்டத்தின் உண்மையான பதிவு என்று விற்பவர் உறுதி கூறுகிறார்.' அந்த வரிக்குக் கீழே கையெழுத்திடும்போது என் பேனா ஒருமுறையும் நின்றதில்லை. கை பழகிவிட்டது!

இந்த வேலைகள் எல்லாம் எனக்கு ஒரு கேசட்டால் கிடைத்தன. அந்தக் கேசட்டில் இருப்பதுதான் அந்தப் பொய்.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூரில் ராஜவேலு என்பவரின் ரைஸ் மில். அவித்த நெல்லைக் காயவைக்க மில்லுக்கு முன்னால் ஒரு பெரிய சிமெண்டுக் களம் உண்டு. ஊரில் சமமான தரை என்று அது ஒன்றுதான் இருந்தது. மாலையில் நெல்லை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியதும், இரண்டு முனையிலும் இரும்புக் கம்பம் நட்டு எங்கள் பையன்கள் கூடைப்பந்து ஆடுவார்கள். தரையெல்லாம் தவிட்டுத் தூசு. வெளியூர் அணிகள் வந்தால் முதல் ஐந்து நிமிடம் வழுக்கி விழுவார்கள். எங்கள் பையன்கள் விழமாட்டார்கள்.

ராஜவேலுதான் கூடைப்பந்துச் சங்கத் தலைவர். களம் அவருடையது, கம்பம் அவருடையது, பந்தும் அவருடையது. மில்லில் இருந்த தொலைபேசியும் அவருடையது. அவர் மகன் குமரவேல் அணியில் ஆடினான். சுமாராக ஆடுவான் என்று எழுதினால் அது நியாயமாக இருக்காது, நன்றாகவே ஆடுவான்.

ஆனால் சவரிமுத்து வேறு ரகம். காலனிப் பையன். அப்பா ராஜவேலுவின் நிலத்தில் கூலி. அம்மா மரியம்மா அதே களத்தில் பகல் முழுவதும் காலால் நெல்லைத் துழாவிக் காயவைப்பவள். அம்மா பகலில் நடந்த தரையில் மகன் மாலையில் ஓடினான். இருபது வயது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். பந்து கையில் இருந்தால் அவனை மறிக்க ஆள் கிடையாது. ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி செய்த தவறுக்காக யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறியும் ஒரு புள்ளிப் பந்து, போடப் போகும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தான். குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஒருமுறை தேய்த்துக்கொள்வான். தவிட்டுத் தூசு பட்டால் பந்து கையில் நிற்கும் என்பான்.

இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்தேன்.

அந்த ஆண்டு எங்கள் அணி, மேற்கே ஒரு பஞ்சாலை ஊரில் நடந்த போட்டியில் இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது. அதே சமயம், சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று தன் அணிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. நிரந்தர வேலை. எங்கள் சங்கத்திலிருந்து ஒருவரை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தலைவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அது சவரிக்குத்தான் என்று ஊரே பேசிக்கொண்டது. பஸ் ஏறும்போது ராஜவேலுவே எல்லார் முன்னாலும் சொன்னார்.

"கப்ப இஸ்துகினு வா நைனா. வந்து லெட்டர வாங்கிக்கினு போ."

சவரி சிரித்தான். "லெட்டர ரெடியா வையி தலைவரே. மை காய்றதுக்குள்ள வந்துடுவேன்."

இனி என்னைப் பற்றி. அப்போது எனக்கு இருபத்து நான்கு. ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். வயல் தகராறு, ஏரி மதகு, பஸ் கவிழ்ந்தது என்று நான்கு வரி, ஆறு வரிச் செய்திகள் அனுப்புவேன். மைக் பிடித்தால் குரல் நன்றாக இருக்கும் என்பார்கள். அதனால் களத்து ஆட்டங்களுக்கு வர்ணனையும் நான்தான்.

வெளியூர் ஆட்டங்களை ஊரே கேட்க நாங்கள் ஒரு முறை கண்டுபிடித்திருந்தோம். வானொலி எங்களை எட்டிப் பார்க்காது. ஆகவே, அணியோடு போகும் தேவராஜ் மாஸ்டர் ஆட்டம் நடக்கும் இடத்துத் தொலைபேசியிலிருந்து ரைஸ் மில்லுக்கு டிரங்க் கால் போடுவார். அவர் உள்ளூர்ப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். இங்கே என் இடது காதில் ரிசீவர், முன்னால் மைக். பாட்சா பாய் என்பவரின் சவுண்ட் சர்வீஸ் குழாய்கள் புளியமரத்திலும் மில் கூரையிலும் கட்டியிருக்கும். மாஸ்டர் ஐந்து வார்த்தை சொல்வார். நான் அதை ஐம்பதாக்கி மைக்கில் விடுவேன்.

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்துபோகலாம். மறுபடி கிடைக்கப் பத்து நிமிடமும் ஆகலாம். அந்தப் பத்து நிமிடம் களத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். குழாய் சும்மா இருக்க முடியுமா? முடியாது. நான் நிரப்புவேன். பந்து இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் வருகிறது, கூட்டம் ஆரவாரிக்கிறது, நடுவர் விசில் ஊதுகிறார்... ஸ்கோரை மட்டும் தொடமாட்டேன். இணைப்பு கிடைத்ததும் மாஸ்டர் விடுபட்டதைச் சொல்வார். அதை இப்போதுதான் நடப்பது போலச் சொல்லி ஈடு கட்டுவேன்.

பாட்சா பாய்க்கு இது தெரியும். "ரிப்போட்டர் சாப், லைனே இல்ல, விசில் ஊதிட்ட! ரெஃப்ரிக்கு உன் வாய்லதான் சம்பளமா?" என்று கண்ணடிப்பார்.

எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஸ்கோரைத் தொடாதவரை இது பொய் இல்லை என்று நினைத்தேன். பெயர்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. அன்று நெல் காயவைக்கவில்லை. களம் நிறைந்திருந்தது. மில் அலுவலக ஜன்னலோரம் நான். மேசைக்கு மறுபக்கம் இரும்பு நாற்காலியில் ராஜவேலு. அவர் காலடியில் இரண்டு தட்டு லட்டு, வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பாட்சா பாய், தன் புது டேப் ரிக்கார்டரை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துவிட்டு, "இன்னிக்கு சரித்திரம் சாப், புடிச்சிடலாம்" என்றார்.

முதல் பாதி முழுவதும் சவரி. இதில் நான் எதையும் கூட்டவில்லை. மாஸ்டர் சொன்னார், நான் சொன்னேன். "சவரி, ரெண்டு பாயிண்ட்டு. மறுபடி சவரி." களத்தின் ஓரத்தில் காலனிக்காரர்கள் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முறை அந்தப் பெயர் குழாயில் வரும்போதும் அங்கிருந்து ஒரு சத்தம் எழுந்தது. மரியம்மா மட்டும் உட்காரவில்லை. நெல் கிளறும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நெல்லே இல்லாத நாளில் பலகையை ஏன் எடுத்து வந்தாள் என்று எனக்குத் தெரியாது. பார்த்தேன்; அதனால் எழுதுகிறேன்.

கடைசி நிமிடம். நாங்கள் ஒரு புள்ளி பின்னால். மாஸ்டரின் குரல் ரிசீவரில் உடைந்து வந்தது.

"ஃபவுல்! நமக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ!"

நான் மைக்கில் கத்தினேன். "ஃபவுல்! உத்திரமேரூருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ! இரண்டையும் போட்டால் கோப்பை நமக்கு!"

களம் எழுந்து நின்றது. அந்தச் சத்தத்துக்கு நடுவே மாஸ்டர் தொடர்ந்து சொன்னார். தெளிவாகக் கேட்டது. பிற்பாடு நான் சொன்ன எதையும் நீங்கள் நம்ப வேண்டாம், இதை நம்புங்கள். மிகத் தெளிவாகக் கேட்டது!

"குமரவேல் போட்றான்... மொதல்து போச்சு... அடக் கடவுளே... ரெண்டாவதும் போச்சு. பந்து அவங்களாண்ட. முடிஞ்சிச்சுப்பா. முடிஞ்சிச்சு."

ஆட்டம் அங்கே முடிந்துவிட்டது. இங்கே இன்னும் முடியவில்லை. முந்நூறு பேருக்கும் அந்தப் பந்துகள் இன்னும் எறியப்படவில்லை. எனக்கு மட்டும்தான் முடிவு தெரியும்.

நிமிர்ந்து பார்த்தேன். ராஜவேலு குனிந்து லட்டுத் தட்டின் மேலிருந்த துணியை விலக்கிக்கொண்டிருந்தார். "யாருப்பா போட்றது? எம்புள்ளதானே?" என்றார்.

எத்தனை விநாடி? கேசட்டில் பின்னால் அளந்து பார்த்தேன். நான்கு விநாடி. நான்கு விநாடியில் ஒரு மனிதன் என்னவெல்லாம் நினைக்க முடியும்? அந்தத் தொலைபேசி அவருடையது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அவருடையது. அவர் முகத்துக்கு நேராக, அவர் மகன் பெயரைச் சொல்ல வேண்டும்... இதெல்லாம் நினைத்தேனா? அல்லது மாலை முழுவதும் சொல்லிச் சொல்லி நாக்கில் தயாராக இருந்த பெயர் அதுவாகவே வந்துவிட்டதா?

இல்லை. அதுவாக வரவில்லை. ஒரு எண்ணம் மட்டும் சொல் சொல்லாக நினைவிருக்கிறது. 'சவரி இவ்வளவு போட்டிருக்கிறான். அவனுக்கு இது தாங்கும்.'

"சவரிமுத்து" என்றேன் மைக்கில்.

காலனி ஓரத்திலிருந்து சத்தம் எழுந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். 'தவறவிட்டார், தவறவிட்டார்' என்று இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். இணைப்பு போய்விட்டது என்று ரிசீவரை வைத்திருக்கலாம். செய்யவில்லை. நான் நிரப்பினேன்.

"சவரிமுத்து கோட்டருகே வருகிறார். அரங்கம் மௌனமாகிறது. குனிகிறார்... இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் தேய்த்துக்கொள்கிறார். நிமிர்கிறார். பந்தைப் பார்க்கிறார். எறிகிறார்... வளையத்தில் பட்டு... வெளியே! வெளியே போய்விட்டது! இன்னும் ஒன்று இருக்கிறது. ஒன்று போதும், ஆட்டம் சமநிலை. மறுபடி குனிகிறார்... அதே உள்ளங்கை, அதே தரை..."

அந்த உள்ளங்கையை ஏன் சேர்த்தேன்? செய்தியில் ஒரு சிறு தகவல் இருந்தால் வாசகன் முழுவதையும் நம்புவான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் உண்மைச் செய்திக்காகத்தான் சொன்னார்கள்.

இரண்டாவதும் வெளியே போனது. நான்தான் போட்டேன், வெளியே.

"இன்னாடா இது! கைக்கு வந்தத வுட்டுட்டானே பாவி!" என்று ஒருவன் கத்தினான். "காலனிப் பையன நம்பி ஊரே குந்திக்கினு கீது!" என்றான் இன்னொருவன். ராஜவேலு துணியை மறுபடி தட்டின் மேல் போட்டு மூடினார். மரியம்மா பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஜன்னலைத் தாண்டும்போது யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "கைய தேச்சிக்கினுதானே போட்டான்... அப்டியும் வுட்டுட்டானே!"

பெற்றவளும் நம்பிவிட்டாள்.

செய்தியை உடனே எழுதி, ஆறரை மணி பஸ்ஸில் காஞ்சிபுரம் அலுவலகத்துக்குக் கவர் கொடுத்தனுப்பினேன். பத்து வரி. மைக்கில் சொன்னதும் தாளில் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டாமா? ஒன்றாகவே எழுதினேன்.

மறுநாள் காலை அணி வந்து இறங்கியது. பஸ் நிலையத்தில் காத்திருந்த ஊர்ப் பையன்கள் சவரியைச் சூழ்ந்துகொண்டார்கள். "வாடா ஃப்ரீ த்ரோ! கைய நல்லா தேச்சியா?" அவனுக்கு எதுவும் புரியவில்லை. குமரவேலுக்குப் புரிந்தது. தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தான்.

அரை மணியில் சவரி என்னைத் தேடி டீக்கடைக்கு வந்தான்.

"அண்ணே, மைக்குல இன்னா சொன்ன நீ?"

"போன்ல வந்தத சொன்னேன்."

"நான் வுட்டேன்னு வந்துச்சா?"

"லைன் சரியில்ல சவரி. ஒரே இரைச்சல்."

"இரைச்சல்ல, நான் குனிஞ்சி கைய தேச்சது கேட்டுச்சா?"

நான் டீயைக் குடித்தேன். அவன் அங்கேயே நின்றான். கோபமாக இல்லை. கணக்கு ஒன்று தப்பாக வந்த பையன், எங்கே தப்பு என்று பார்ப்பது போல என்னைப் பார்த்தான்.

"பேப்பர்லயாவது சரியா போட்டுடுண்ணே. மைக்குல சொன்னது காத்தோட பூடும். பேப்பர்ல வந்தா தலைவரு படிப்பாரு."

"போட்டுடறேன்" என்றேன்.

என் கவர் முந்தைய மாலையே போய்விட்டது என்று அவனிடம் சொல்லவில்லை. அன்று முழுவதும் நேரம் இருந்தது. ஒரு போன், ஒரு வரி. ஒரு பெயரை மாற்றுங்கள் என்றால் மாற்றியிருப்பார்கள். போன் செய்ய ரைஸ் மில்லுக்குப் போனேன். ராஜவேலு இருந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. 'சவரிமுத்து இரண்டு வாய்ப்புகளையும் நழுவவிட்டதால்' என்று ஐந்தாவது வரியில் இருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் திருத்தம் போடலாம். பத்திரிகையில் அதற்கு இடம் உண்டு. எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை.

தேவராஜ் மாஸ்டர் ஒருமுறை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "குமரவேல்னுதானேப்பா சொன்னேன்?" நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று நினைவில்லை. அவர் வேலை பார்த்த பள்ளியின் நிர்வாகக் குழுவில் ராஜவேலு இருந்தார். "சரி வுடு. எதுக்கு பேஜாரு" என்று போய்விட்டார். கூட ஆடிய மற்றப் பையன்களும், களமும் பந்தும் யாருடையவை என்று தெரிந்தவர்கள், வாயைத் திறக்கவில்லை.

குமரவேலும் வந்தான். சிகரெட் பாக்கெட்டை நீட்டினான். "வர்ணன சூப்பர்ணே" என்றான், என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு.

கடிதம் அணியில் இருந்த தனபால் என்ற பையனுக்குப் போனது. சவரி மில்லுக்குப் போய்க் கேட்டிருக்கிறான். நான் அங்கே இல்லை. பாட்சா பாய் சொன்னார். "நான் அத போடவே இல்ல தலைவரே" என்றிருக்கிறான். ராஜவேலு கோபப்படவில்லையாம். பேப்பரை எடுத்து அவன் முன்னால் வைத்தாராம். "கடைசி நேரத்துல கை நடுங்கறவன எப்டி அனுப்பறது நைனா? பரவால்ல, ஒத்துக்கினா மனுசன். பொய் சொல்லாத."

பொய் சொல்லாத! அவனிடம்.

இதற்குப் பிறகு அவன் களத்துக்கு ஆட வரவில்லை. சில மாதங்களில் நெல் மூட்டை ஏற்றும் லாரிகளில் லோடுமேனாகச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன்.

நான் போனது எதிர்த் திசையில். பாட்சா பாய் அந்தக் கேசட்டைப் பிரதி எடுத்து என்னிடம் கொடுத்தார். "உன் மாதிரி யாரு சொல்லுவா சாப், ரேடியோவுக்கு அனுப்பு." கொடுக்கும்போது அவர் கண்ணடிக்கவில்லை, அதை நான் கவனித்தேன். அனுப்பினேன். குரல் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து கேட்டார்கள். கடைசிப் பகுதி வந்ததும் ஒருவர் கையை உயர்த்தி, நிறுத்தச் சொன்னார்.

"அந்த உள்ளங்கை... அதைக் கவனித்தீர்களே! அதுதான் வர்ணனையாளனின் கண்."

நன்றி என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தக் கண் அன்று பார்த்துக்கொண்டிருந்தது ஒரு லட்டுத் தட்டை.

வானொலி, பிறகு தொலைக்காட்சி, பிறகு உரிமை வியாபாரம். வெளிநாட்டு ஆட்டங்களின் வீடியோ டேப் வரும். சென்னையில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, அங்கேயே இருப்பது போலப் பேசுவோம். எனக்கு அது சுலபமாக வந்தது. மற்றவர்கள் வியந்தார்கள். ரைஸ் மில்லில் எனக்குத் திரையும் இருந்ததில்லை.

பத்து ஆண்டுகள் போயின. எண்பதுகளின் இறுதியில் உத்திரமேரூர்ச் சங்கம் என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. அதே களம். தரைக்குப் புதுச் சிமெண்டு. ராஜவேலு காலமாகியிருந்தார், குமரவேல் தலைவராகி மாலை போட்டான். நான் பயிற்சியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பேசினேன். கை தட்டினார்கள்.

இறங்கி வரும்போது மில்லின் பின்பக்கம் ஒரு லாரி நின்றிருந்தது. ஒருவன் மூட்டைக்கு முன்னால் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் தேய்த்தான். பிறகு மூட்டையைத் தூக்கினான்.

முகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஓடியிருப்பேன். அவன்தான் பார்த்துவிட்டான். மூட்டையை ஏற்றிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"இன்னாண்ணே, குரலு அப்டியே கீது. ஆளுதான் ஊதிட்ட."

நான் ஏதோ சொன்னேன். வீடு, குழந்தைகள் என்று கேட்டேன். ஒரு பெண், பெயர் ரோசலின், நாலாவது படிக்கிறாள் என்றான். பிறகு கேட்டான்.

"அந்தக் கேசட்டு இன்னும் கீதாண்ணே உன்னாண்ட?"

"எதற்கு?"

"மொத பாதில எம்பேரு வரும்ல, மூச்சுக்கு மூச்சு? எம்பொண்ணுக்குப் போட்டுக் காட்டணும். நான் ஆடுவேன்னா நம்ப மாட்டேங்கிறா. 'நீ மூட்ட தூக்கற ஆளுதானே நைனா'ன்றா." சிரித்தான். "பாட்சா பாய் வூட்ல கேட்டேன். அவரு போனப்புறம் எல்லாம் பழைய சாமானுக்குப் போட்டுட்டாங்களாம்."

"இருக்கிறது. அனுப்புகிறேன்" என்றேன். எழுத்துத் தமிழில் சொன்னேன். அவனிடம் ஊர்ப்பேச்சு வரவில்லை எனக்கு.

"அனுப்பாத. நீயே எடுத்துக்கினு வா. கடைசில அந்த ரெண்டு பந்து வரும்ல, அப்ப நீ பக்கத்துல இருக்கணும். 'இது உங்கப்பன் போடலம்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. நான் சொன்னா அவ சிரிப்பா. ஊருக்கெல்லாம் ஒண்ணும் சொல்ல வேணாம். தலைவரும் போய்ட்டாரு, வேலையும் போய்ட்ச்சி. அவளுக்கு மட்டும் சொல்லு."

"வருகிறேன். அடுத்த ஞாயிறு."

"காலைல வா. மீன் வாங்கி வெக்கிறேன்."

அவன் கேட்டது அவ்வளவுதான். கவனியுங்கள்: அவன் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கடிதம் கேட்கவில்லை, திருத்தம் கேட்கவில்லை. ஒரு ஒன்பது வயதுப் பெண்ணிடம் ஒரு வாக்கியம்!

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. அலுவலகத்தில் உண்மையாகவே வேலை இருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஆள் வந்திருந்தார். மூன்றாவது வாரம் கேசட்டைப் பிரதி எடுத்தேன். எடுக்கும்போது கடைசிப் பகுதியை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெட்டினால் நான் பயந்தது அவனுக்குத் தெரிந்துவிடும். முழுவதையும் எடுத்தேன். கூடவே ஒரு கடிதம் எழுதினேன். 'அன்புள்ள ரோசலினுக்கு' என்று தொடங்கி மூன்று முறை எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். எழுத்தில் கொடுத்தால் அது எங்கே போகும், யார் கையில் சிக்கும் என்று ஒப்பந்தம் எழுதும் மூளை கேட்டது.

கேசட்டை மட்டும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டையோடு.

அந்தக் கேசட் அந்த வீட்டில் எப்படி ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லா விநாடியும் தெரியும். முதல் பாதியில் அவள் கை தட்டியிருப்பாள். கடைசியில் என் குரல் வந்திருக்கும். தேர்ந்த குரல், தெளிவான உச்சரிப்பு. பக்கத்தில் நான் இல்லை. அவள் அப்பா மட்டும், 'இத நான் போடலம்மா' என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பான். பத்து ஆண்டுக்கு முன்னால் மில்லில் சொன்னது போலவே. முதல் முறை செய்ததற்கு நான்கு விநாடிதான் இருந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது முறைக்கு மூன்று வாரம் இருந்தது.

சவரியிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை. போன மாதம் ஒரு பத்திரிகை, என் குரல் உருவான கதையை எழுதித் தரும்படி கேட்டது. எழுத உட்கார்ந்தேன். வந்தது இதுதான். இதை அவர்கள் போடுவார்களா, தெரியாது. போட்டாலும் இது உத்திரமேரூர்க் காலனிக்குப் போய்ச் சேருமா? நான் நேரில் போயிருக்க வேண்டிய இடத்துக்கு மறுபடியும் தாளை அனுப்புகிறேன்... அதுவும் எனக்குத் தெரிகிறது.

ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது. மேசை இழுப்பறையில் இருக்கிறது. பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற இடத்தில் 'ச. ரோசலின்' என்று நீல மையில், எழுத்து எழுத்தாக, கோட்டுக்கு மேல் ஏறிவிடாமல் எழுதியிருக்கிறாள்.

அவள் கேட்டிருப்பாள். 'குனிகிறார்... இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் தேய்த்துக்கொள்கிறார்...' அந்த இடம் வந்ததும், அது தன் அப்பாதான் என்று அவளுக்கு உடனே தெரிந்திருக்கும்.